கன்டெய்னரில் போன முருகன்

அன்று காலை பேக்கிங் ஹாலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி கந்தப்பன். நெற்றியில் சிவன்மலை விபூதி, கையில் கற்பூரப் பொட்டலம்.

மேனேஜர் பிரபு. இரண்டு கையிலும் போன்.

செக்கிங் பார்க்கிற ஜெசிந்தா. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள்.

அவளுடைய சபை பாஸ்டர். கையில் ஹெல்மெட்.

லோடிங் ரஞ்சன். ஒடிசாக்காரன்.

பேக்கிங் மாஸ்டர் ராசு. அது நான்.

முருகன் இல்லை.

நான் அஞ்சாவது வரை போனவன். எழுதிப் பழக்கமில்லை. வேலையை விட்டு நின்ற பிறகு எப்போதாவது கம்பெனிப் பக்கம் போவேன். இப்போது பெட்டிக்குப் பெட்டி ஸ்கேன் துப்பாக்கி வைத்துச் சுடுகிறார்கள். லிஸ்ட்டில் இல்லாத பெட்டி என்றால் சிவப்பு லைட் எரியும், வெளியே போகாது. அந்தப் பையன்கள்தான் என்னைக் கேட்டார்கள், முருகன் படத்துக் கண்ணாடியில் எதற்கு வெள்ளை ஸ்டிக்கர் என்று. புதிதாக வந்த ஒரு பையன் நகத்தால் சுரண்டப் போயிருக்கிறான். முதலாளி கையைப் பிடித்துவிட்டாராம். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் அண்ணா என்றார்கள். எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மூலனூர்ப் பக்கம். முருங்கைக்காயைக் கட்டுக் கட்டி மூட்டை போட்டுப் பழகிய கை. திருப்பூர் வந்ததும் கையைப் பார்த்துப் பேக்கிங்கில் போட்டார்கள். தொழில் பழகின கதை அவ்வளவுதான்.

முதலாளி வீட்டில் தலைமுறையாகத் தறி ஓட்டினார்கள். அந்தப் படம் அவர் அப்பா காலத்தில் தறிக்கு மேலே தொங்கியது. முருகன் நடுவில், வள்ளியும் தெய்வானையும் இரண்டு பக்கம். தெய்வானை முகத்தில் பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. கண்ணாடி மூலையில் ஒரு கீறல். பனியன் கம்பெனி ஆரம்பித்தபோது தறியை விற்றார். படத்தைக் கொண்டுவந்து பேக்கிங் ஹால் சுவரில் மாட்டினார்.

காலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஷட்டரை ஏற்றுவார். செருப்பை வெளியே விடுவார். லைட் போடாமல் இருட்டிலேயே வந்து படத்துக்கு விளக்கேற்றுவார். பிறகு முந்தின நாள் நடந்ததைப் படத்திடம் சொல்லுவார்.

"நேத்து டார்கெட் எடுத்துட்டமுங்க. அயர்ன் மாஸ்டர் வரலீங்க. இன்னைக்குச் சரி பண்ணிரலாமுங்க."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். மேலதிகாரி பதில் சொல்லட்டும் என்று நிற்கிற மாதிரி. பிறகு அந்த எண்ணெய்க் கையோடு போய் மெயின் சுவிட்சைப் போடுவார். அதற்கு மேல்தான் லைட் எரியும், மிஷின் ஓடும். வேறு யாரும் மெயினைத் தொடக் கூடாது. அவர் ஊரில் இல்லாத நாளில் அவர் சம்சாரம் வந்து இதையே செய்வார். நாங்கள் எல்லாரும் இருட்டில் அவரவர் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்போம். எனக்குப் பழகிவிட்டது. இப்போதும் வீட்டில் காலையில் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் ஒரு நொடி கை நிற்கும்.

அந்தச் சுவரில் வேறு படம் கிடையாது. நூல் கடைக்காரர் தருகிற லட்சுமி காலண்டர் ஆபீஸ் ரூமுக்குப் போகும். பிள்ளையார் வாட்ச்மேன் ரூமுக்குப் போவார். அண்ணன் தம்பிதானே, பிள்ளையாரைப் பக்கத்தில் மாட்டலாமே என்று ஒரு தடவை கேட்டேன்.

"வேண்டாமுங்க ராசு. அண்ணனுக்குப் பழத்தைக் குடுத்துட்டாங்கன்னு கோவிச்சுட்டு மலையேறுனவருங்க இவரு. நமக்கெதுக்குங்க வம்பு."

சிரிக்காமல்தான் சொன்னார்.

என் வேலையில் பாதி பெட்டி போடுவது. மீதிப் பாதி ஒளித்து வைப்பது.

வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டியைப் பையர் என்போம். ஒரு பையர் வருகிற அன்று இன்னொரு பையரின் சரக்கு அவர் கண்ணில் படக் கூடாது. அது எழுதாத சட்டம். எங்களுக்கு அப்போது மூன்று பையர்கள். மூவருக்கும் தாங்கள் ஒருவர் மட்டும்தான் என்று நினைப்பு. நாங்களும் அப்படியே வைத்திருந்தோம்.

கார் வருகிறது என்று போன் வந்ததும் வேலை ஆரம்பிக்கும். முதலில் லேபிள் டப்பாக்கள். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் சாம்பிள். பிறகு அறுத்துப்போட்ட துண்டு வரைக்கும் பொறுக்க வேண்டும், துண்டில் பிரின்ட் இருக்கும். எல்லாவற்றையும் காலிப் பெட்டியில் போட்டு, டேப் அடித்து, மேலே மார்க்கரில் என்னவென்று எழுதி, மாடிப்படிக்குக் கீழே அடுக்கி, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடுவேன். ஒரு பையர் டீ கப் பரிசளித்திருந்தார். அடுத்தவர் வந்தால் அந்தக் கப்பும் படிக்குக் கீழே போகும்.

ஆட்களுக்கும் பயிற்சி உண்டு. வேறு யாருக்குத் தைக்கிறீர்கள் என்று கேட்டால் "யாருக்கும் இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். ரஞ்சன் ஒடிசாவிலிருந்து வந்து முதலில் கற்ற தமிழ் அதுதான். வெகுநாள் அவனுக்குத் தெரிந்த தமிழே அது ஒன்றுதான்.

இனி ஜெசிந்தா விஷயம்.

அவள் தூத்துக்குடிப் பக்கம். புருஷன் தவறிவிட்டார். கம்பெனியில் கடைசிக் கண் அவளுடையது. தைத்து முடித்த உருப்படியை மேஜையில் விரித்து, உள்ளங்கையை ஒரு இழுப்பு இழுப்பாள். தையல் விட்ட இடம் கையில் நிற்கும். அவள் கை பார்த்து அனுப்பிய பெட்டி திரும்பி வந்ததில்லை. காலையில் முதலாளி விளக்கேற்றும்போது அவள் பாத்ரூம் வழியில் போய் நின்றுகொள்வாள். குங்குமத் தட்டு அங்கே போகாது. முதலாளி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்படியே பல வருஷம்.

பெரிய பையரின் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சரக்கு முதல் கன்டெய்னரில் போக வேண்டும், மீதி அடுத்த வாரம். தப்பினால் ஆர்டர் கேன்சல். அந்த நேரத்தில் வந்து சொன்னாள்.

"அண்ணாச்சி, நான் வேற எடம் பாக்குதேன்."

என்ன குறை என்று கேட்டேன்.

"குறை ஒண்ணும் இல்ல. எங்க ஆண்டவரு பொறாமை உள்ளவரு. வேற சாமிக்கு முன்னால நின்னா அவருக்கு ஆகாது. செபக் கூட்டத்துல ஒரு அக்கா சொன்னா, பாத்ரூம் பக்கத்துல நின்னாலும் அதே கூரைதானேன்னு."

திருப்பூரில் படம் இல்லாத கம்பெனி எங்கே இருக்கிறது, நீ எங்கே போய் நிற்பாய் என்றேன். அதைத்தான் பாஸ்டரிடம் கேட்டதாகவும், அவர் புதன்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றதாகவும் சொன்னாள்.

இதை நான் பிரபுவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். பிரபு படித்த பையன், நல்லவன், ஆனால் 'வந்து பார்க்கிறேன்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவனுக்கு வேறு எதுவும் கேட்காது. யாராவது வந்து பார்ப்பது என்றால் அது இன்ஸ்பெக்‌ஷன்தான்.

"ராசண்ணா, நம்ம பாலிசிதான். ஒரு பார்ட்டி வர்றப்ப இன்னொரு பார்ட்டி கண்ணுல படக் கூடாது."

"பிரபு, இது சாமி."

"அவங்களும் பொறாமைப்படற பார்ட்டிதானுங்க. நீங்களே சொன்னீங்க. ஒரு மணி நேரம். அவரு போனதும் மாட்டிரலாம். ஜெசிந்தாக்கா போயிட்டா ஆர்டரே போயிரும்."

அந்தப் புதன்கிழமை கிருத்திகை என்று முதலாளி சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தார். இரவு அங்கேயே தங்கல். காலையில் அவர் சம்சாரம் விளக்கேற்றிவிட்டுப் போய்விட்டார். கேட்க ஆள் இல்லை.

படத்தை நானே இறக்கினேன். துடைத்தேன். இரண்டு பக்கமும் டி-சர்ட் கட்டு வைத்து, ஆடாமல் நிற்க வைத்தேன். படுக்க வைக்க மனசு வரவில்லை. பெரிய பையர் பெட்டிதான் கைக்குக் கிடைத்தது. டேப் அடித்து மார்க்கரில் 'சாமி' என்று எழுதினேன். படிக்குக் கீழே வைத்தேன்.

அன்றைக்கே லோடிங்கும் நடந்தது. லாரி ஓட்டி வந்தவன் ஜெசிந்தாவின் தம்பி ஸ்டீபன். நான் கதவருகே நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணி ஏற்றினேன். லிஸ்ட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணியதும் நானூற்றுப் பன்னிரண்டு. கையெழுத்துப் போட்டேன். அப்போது பாஸ்டர் பைக் வந்து நின்றது. டீ வாங்க உள்ளே போனேன்.

பிரபு பாஸ்டரைப் பையரை அழைத்துப் போகிற வழியிலேயே அழைத்துப் போனான். கேட், குடிதண்ணீர், தீயணைப்பு வாளி, மாடிப்படி, அப்புறம் ஹால். குடிதண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினான். பாஸ்டர் மரியாதைக்காகப் படித்தார். வழியில் ரஞ்சன் எதிரே வந்தான். தம்பி, உன் பேர் என்ன என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க" என்றான் ரஞ்சன்.

ஹாலுக்கு வந்ததும் பாஸ்டர் சுவரைப் பார்த்தார். நாங்கள் அதை யோசிக்கவில்லை. சுவர் முழுக்க அழுக்கு. படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாக இருந்தது. மேலே ஆணி. கீழே மாடத்தில் விளக்கு, எண்ணெய், அரளிப் பூ.

"இங்க என்ன இருந்துச்சு?"

"ஃபயர் எக்ஸ்டிங்குவிஷருங்க சார்" என்றான் பிரபு.

"அதுக்கு எதுக்கு விளக்கு?"

பிரபு என்னைப் பார்த்தான். நான் டீயைக் கொடுத்தேன். ஜெசிந்தா தலை குனிந்து நின்றாள்.

பாஸ்டருக்கு முகம் வாடிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான் இதக் கழத்தச் சொல்ல வரல, அண்ணாச்சி. இந்தப் பிள்ளைய வேலைய விடாதேன்னு சொல்லத்தான் வந்தேன். எங்க ஆண்டவரு பொறாமை உள்ளவருதான். ஆனா அவரு எடம் கேக்கது இவ மனசுல. உங்க செவத்துல இல்ல. முதல்ல அவரக் கொண்டாந்து மாட்டுங்க. மொதலாளி வந்து பாத்தா மனசு என்ன பாடுபடும்?"

படத்தை எடுக்கப் படிக்குக் கீழே போனேன். சாக்கு இருந்தது. சாக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ரஞ்சனைக் கேட்டேன். அவன் இந்தியும் கைச்சாடையுமாகச் சந்தோஷமாகச் சொன்னான். டேப் அடித்த பெட்டி ஒன்று விட்டுப்போயிருந்தது, கதவு மூடுவதற்குள் ஓடிப் போய் ஏற்றிவிட்டேன் பையா என்று. தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. பையர் பெட்டி தெரியும். பெட்டி விட்டுப்போனால் கம்பெனிக்கு நஷ்டம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஸ்டீபனுக்குப் போன் போட்டோம். கதவு மூடி சீல் வைத்தாயிற்று, தாராபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன் என்றான். அந்த சீலை உடைத்தால் திரும்ப முதலிலிருந்து சோதனை. கப்பல் போய்விடும். கப்பல் போனால் ஆர்டர் போய்விடும்.

இப்படித்தான் மறுநாள் காலை நான் மேலே சொன்ன எல்லாரும் அங்கே நின்றோம். பாஸ்டரை யாரும் கூப்பிடவில்லை. தன்னால் வந்த வினை என்று அவராகவே வந்துவிட்டார்.

முதலாளி இருட்டில் வந்தார். தீக்குச்சி கிழித்தார். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார். குச்சி விரல்வரை எரிந்தது. உதறிவிட்டு இன்னொன்று கிழித்தார். அப்போதும் சதுரம்தான்.

நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கப்பலுக்குப் போயிட்டாருங்களா."

"ஆமாங்க."

"அன்னைக்குக் கோவிச்சுட்டு மலைக்குப் போனாரு. இன்னைக்குக் கடலுக்குப் போயிட்டாருங்க."

கற்பூரப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார். மெயின் சுவிட்ச் பக்கம் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாமி இல்லாத ஊட்டில் கரண்ட் போட மாட்டேன் என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். மிஷின் முன்னால் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பீஸ் ரேட் ஆட்கள். மிஷின் ஓடினால்தான் அவர்களுக்குக் கூலி. மீதி ஆர்டர் மேஜை மேல் கிடந்தது.

பிரபு, இப்போதே போய் இதைவிடப் பெரிய படம் வாங்கி வருகிறேன் என்றான். முதலாளி அவனைப் பார்த்தார்.

"ஏனுங்க பிரபு, உங்க சீட்ல இன்னொருத்தர உக்கார வெச்சுட்டு உங்களைத் திரும்பி வான்னா வருவீங்களா?"



பாஸ்டர் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, மன்னிக்கணும். உங்காளும் எங்காளு மாதிரிதான்னு எனக்குத் தெரியாது. எங்க ஆண்டவரும் பக்கத்துல ஒருத்தர நிக்க விட மாட்டாரு."

"நிக்க வெச்சா கோவிச்சுட்டுப் போயிருவாருங்களா?"

பாஸ்டர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "போ மாட்டாரு. அதான் வித்தியாசம். பின்னாடியே வருவாரு."

"அது பரவால்லீங்களே" என்றார் முதலாளி. "இவரை நாமதான் மலையேறிப் போய்ப் பாக்கோணும். நேத்துக்கூடப் போயிட்டு வந்தேன். அந்த நேரத்துலதான் இங்க பொட்டிகட்டி இருக்கறாங்க."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். பாஸ்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டேன். சம்பந்தி வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்கள். உங்களவருக்கு எதெல்லாம் ஆகாது, எங்களவருக்கு எதெல்லாம் ஆகாது என்று. வெளியே வெயில் ஏறியது. மெயின் அப்படியே கிடந்தது.

கடைசியில் வழி சொன்னது ஜெசிந்தா.

லாரி தூத்துக்குடியில் துறைமுகக் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறது, தம்பியிடம் பெரிய போன் இருக்கிறது, வீடியோவில் வரச் சொன்னால் பெட்டியைக் காட்டுவான் என்றாள். சொல்லிவிட்டுப் பாஸ்டரைப் பார்த்தாள்.

"நான் கேக்கலாமா பாஸ்டர்?"

"பெட்டி இரும்புதானே. காட்டச் சொல்லு."

ஸ்டீபன் போனில் வந்தான். தூக்கக் கண்.

"ஏக்கா, கன்டெய்னருக்கா சூடம் காட்டுதாங்க?"

"காட்டுதாங்க. நீ போனை ஆட்டாம புடி. கும்பிடாத."

"ரெண்டு கையாலயும் போனப் புடிச்சிட்டு எப்படிக்கா கும்பிட?"

பிரபு போனை ஒரு டேப் ரோலில் சாய்த்து மாடத்தில் வைத்தான். திரையில் நீலக் கதவு, துரு, பூட்டு, சீல். முதலாளி என்னைக் கேட்டார்.

"எந்தப் பக்கமுங்க இருக்காரு?"

"கதவோரமுங்க. கடைசிப் பொட்டி."

"கடைசியாங்க?" முகம் சுருங்கியது.

"கடைசியா ஏறுனதுதாங்க மொதல்ல எறங்கும்" என்றேன்.

அதை ஒத்துக்கொண்டார். விளக்கேற்றினார். கற்பூரம் காட்டினார். நேற்றுக் கணக்கைச் சொன்னார். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் நின்றார். போனில் எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, எண்ணெய்க் கையோடு போய் மெயினைப் போட்டார்.

ஜெசிந்தா பாத்ரூம் வழியில் நின்றாள். பாஸ்டரும் அவளோடு போய் அங்கேயே நின்றார்.

கப்பல் கிளம்பிய பிறகு ஸ்டீபன் இல்லை. ஆனால் கப்பல் எங்கே போகிறது என்று போனில் பார்க்கலாம். நீலத்தில் ஒரு புள்ளி. தினமும் காலையில் பிரபு புள்ளியை எடுத்து மாடத்தில் வைக்க வேண்டும். அவனுக்கு அதற்குமுன் ஒன்பது மணிக்கு முன்னால் வந்து பழக்கமில்லை.

"இன்னைக்கு எங்கீங்க?"

"கொழும்புங்க."

"கதிர்காமம் பக்கத்துலதான். பரவால்லீங்க."

இன்னொரு நாள் பிரபு செங்கடல் என்றான். பாத்ரூம் பக்கத்திலிருந்து ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"அது எங்க ஆண்டவரு பொளந்த கடலு."

"பத்தரமா விட்ருவாருங்களா, கண்ணு?" என்று கேட்டார் முதலாளி.

ஜெசிந்தா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். மறுநாள் வந்ததும், கடல் தாண்டியாச்சா அண்ணாச்சி என்று என்னைக் கேட்டாள்.

மீதி ஆர்டரும் நேரத்துக்குப் போனது. அதில் ஒரு குறையும் இல்லை.

சரக்குப் போய்ச் சேர்ந்ததும் பெரிய பையரிடமிருந்து மெயில் வந்தது. பிரபு படித்துச் சொன்னான். பெட்டி ஒன்று அதிகம் வந்திருக்கிறது. உள்ளே மயில் படம் போட்ட பொருள் ஒன்று இருக்கிறது. இது எந்த பிராண்ட்? உங்கள் கம்பெனியில் இந்த பிராண்டுக்கும் உற்பத்தி நடக்கிறதா? எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

"இது வேற பார்ட்டி இல்லீங்கன்னு எழுதுங்க" என்றார் முதலாளி. "இவருதான் இங்க மொதலாளின்னு எழுதுங்க."

பிரபு அப்படியே எழுதிவிட்டான். இரண்டாவது மெயில் வந்தது. உரிமையாளர் மாறியதைத் தெரிவிக்காதது தவறு, புதிய உரிமையாளரின் அடையாள அட்டை நகலை அனுப்பவும் என்று. பிரபு தலையில் கை வைத்து உட்கார்ந்தான். மூன்றாவது மெயில்தான் மோசம். உரிமை நிரூபிக்கப்படாத வேற்றுப் பொருளை வெட்டி அழிப்பது எங்கள் கம்பெனி விதி, மாதக் கடைசி வரை வைத்திருப்போம்.

 மறுநாள் காலை முதலாளி விளக்கேற்றிவிட்டுக் கணக்குச் சொல்லாமல் மெயினைப் போட்டார். மத்தியானம் ஸ்டுடியோவுக்குப் போய் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து வந்தார். எழுபது வயது. விமானத்தைக் கீழேயிருந்து பார்த்தவர். நான் போய்க் கூட்டிட்டு வர்றேனுங்க என்றார். போட்டோவில் முழித்த கண்ணோடு இருந்தார்.

வாரம் ஒரு நாள் பெரிய பையர் கம்பெனி மேடத்தோடு வீடியோவில் பேசுவார்கள். தரம் பற்றி. பிரபு பேசுவான். செக்கிங் என்பதால் ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், பேச மாட்டாள். மேடம் வெள்ளைக்கார அம்மா. ஐம்பதுக்கு மேல் இருக்கும். சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம் தையல், கலர், அளவு எல்லாம் பேசி முடித்தார்கள். மேடம் திரையை அணைக்கப் போனார். ஜெசிந்தா பேசினாள். நான் டீயோடு கதவில் நின்றேன்.

"மேடம். தட் பாக்ஸ் நாட் பிராண்ட். சார் காட். மை காட் டிஃபரண்ட். மை காட் ஜெலஸ். பட் சார் காட், மேடம். எவ்ரி டே சார் டாக்கிங். ப்ளீஸ் நோ கட்டிங்."

 மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஓகே என்றார். திரை அணைந்தது. எதற்கு ஓகே என்று எங்களுக்குத் தெரியவில்லை.

டீ குடிக்கும்போது ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"உன் ஆண்டவருக்குக் கோவம் வராதா கண்ணு?"

"வந்திருக்கும்."

"அப்புறம்?"

"வரட்டும் அண்ணாச்சி. கோவப்பட்டாத்தான் என்னைய நெனச்சிட்டு இருக்காருன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரு போன பொறவு, நான் எங்க போறேன், யார் முன்னால நிக்கேன்னு கேக்க வேற யாரு இருக்கா?"

எனக்கு அப்போது செகண்ட்ஸ் பார்ட்டி ஞாபகம் வந்தது. கழித்துப் போட்ட சரக்கை எடை போட்டு எடுத்துப் போகிறவர். அவர் வரும்போது நான் எதையும் ஒளித்ததில்லை. யாருக்குத் தைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஆர்டர் இல்லாமல் ஒரு தடவை கம்பெனி மூடிக் கிடந்தது. வாசலில் வண்டியை நிறுத்திப் பூட்டைப் பார்த்தார். பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் வருவதற்கு முன்னால் மேடமே வந்தார். வருடாந்தர ஆடிட். கார் வருகிறது என்று போன் வந்தது. மற்ற இரண்டு பையர் சரக்கையும் பெட்டியில் போட்டுப் படிக்குக் கீழே அடுக்கினேன். இந்த முறை மேலே படுத்துக்கொள்ளாத குறையாக ரஞ்சனைக் காவலுக்கு வைத்தேன். மேடம் தண்ணீர் பார்த்தார், வாளி பார்த்தார். வேறு யாருக்குத் தைக்கிறீர்கள் என்று ரஞ்சனைக் கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க."

ஹாலுக்கு வந்தார். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். டேப் ரோலில் சாய்த்திருந்த போனைப் பார்த்தார். தோள்பையைத் திறந்தார். கழுத்தில் போடுகிற கம்பளித் துண்டில் படத்தைச் சுற்றி எடுத்து வந்திருந்தார். லக்கேஜில் போடாமல் விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகப் பிரபு சொன்னான்.

முதலாளி வாங்கவில்லை. கையைத் துடைத்தார். திரும்ப ஒரு தடவை துடைத்தார். பிறகுதான் வாங்கினார். மூலையில் கீறல் இருந்தது. தெய்வானை அப்படியே இருந்தார்.

மாட்டினார். விளக்கேற்றினார். மத்தியான வேளை. மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. போய் மெயினை இறக்கினார். கம்பெனி முழுக்க நின்றது. இருட்டில் வந்து படத்தின் முன்னால் நின்று முருகன் இல்லாத நாள் கணக்கையெல்லாம் சொன்னார். வெகுநேரம் சொன்னார்.  பிறகு எண்ணெய்க் கையோடு போய் மெயினைப் போட்டார்.

"பிரபு, அந்தப் பாஸ்டருக்குப் போன் போடுங்க. எங்களவரும் பின்னாடியே வந்துட்டாருன்னு சொல்லுங்க."

பிரபு போனைக் கொடுத்தான். முதலாளியே பேசினார். அந்தப் பக்கம் பாஸ்டர் என்ன சொன்னாரோ, இவர் ஆமாங்க ஆமாங்க என்றார்.

ஜெசிந்தா பாத்ரூம் வழியில்தான் நின்றாள். இன்றைக்கும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறாள். இன்றைக்கும் காலையில் அங்கேதான் நிற்கிறாள்.

படத்துக் கண்ணாடியில் அந்த ஊர்க் குடோனில் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. பிரபு உரிக்கப் போனான். விடுங்க, அவிய ஊர்ல அவருக்கு நம்பர் போட்டிருக்கறாங்க என்றார் முதலாளி. அதற்குமேல் யாரும் தொடவில்லை.

பேக்கிங் பையன்கள் போன மாதம் ஸ்கேன் துப்பாக்கியை வைத்து அதைச் சுட்டுப் பார்த்தார்களாம். சிவப்பு லைட் எரிந்ததாம். எரியும். ஸ்டிக்கரில் பேர் இல்லை. ஊர் இல்லை. எத்தனையாவது பெட்டி, மொத்தம் எத்தனை பெட்டி, அவ்வளவுதான்.

413/412.